கல்லிலே எழுந்த கலை

மாந்தர் தம் உள்ளத்தில் எழும் எண்ணங்களைச் சொல்லில் வடிப்பர். சொல்லினும் நெடிது நிலைத்தல் வேண்டும் என்று கருதுவனவற்றைக் கல்லில் வடிப்பர். ஆதலால், ஒரு நாட்டார் எழுப்பிய கட்டடங்களைக் காண்பது அந்நாட்டாரின் வரலாற்றைப் படிப்பதேயாகும். ஐரோப்பாக் கண்டத்தின் மேற்குப் பகுதியில் கி. பி. 1000-ஆம் ஆண்டையொட்டித் தோன்றி, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தழைத்து விளங்கிய கலையொன்று உண்டு. அதனை 'ரோமனெஸ்க்' கலை என்று அறிஞர் வழங்குவர். தடித்த சுவரும், சிறிய சாளரமும், பருத்த தூணும், அரைவட்ட வளைவும் அக்கலையின் அடையாளங்கள். அது பிறந்த வகையையும், அதனைப் படைத்தோர் வென்ற இடர்களையும், பின்வந்தோர் கையில் அது பட்ட பாட்டையும் இப்பாடம் எடுத்துரைக்கும்.

அழிவும் ஆக்கமும்

பண்டை ரோமர் கட்டடத் தொழிலில் தலைசிறந்து விளங்கியவர். கல்லையும் செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டு பாலங்களையும், நீர்வழிகளையும், அரங்குகளையும், நீராடு மண்டபங்களையும் அவர்கள் எழுப்பினார்கள். கி. பி. 476-ஆம் ஆண்டில் மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்தது. அதன்பின் சாலைகள் சிதைந்தன, வாணிகம் குன்றியது, நகரங்கள் சுருங்கின. பெருங் கட்டடம் எழுப்பும் பொருளும், அதற்கு வேண்டிய கைத்திறனும் அருகிப் போயின. 800-ஆம் ஆண்டில் சார்லமேன் என்னும் மன்னன் பேரரசனாக முடிசூடிக்கொண்டு, கலைகளுக்குப் புத்துயிர் அளிக்க முயன்றான். எனினும், அவன் மறைந்தபின் நாட்டில் அமைதி நிலவவில்லை. வடக்கிலிருந்து வைக்கிங்குகள் கப்பலேறி வந்து ஆற்றங்கரை ஊர்களைச் சூறையாடினார்கள். கிழக்கிலிருந்து மகியார் என்னும் குதிரை வீரர் பாய்ந்து வந்தனர். தெற்கே கடற்கொள்ளைக்காரர் கரையோரங்களைக் கலக்கினர். பொன்னும் வெள்ளியும் சேர்ந்திருந்த துறவியர் மடங்களே கொள்ளைக்கு முதல் இலக்காயின. மரத்தால் வேய்ந்த கோயில்கள் தீக்கு இரையாயின.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. படையெடுப்புகள் ஓய்ந்தன. வந்தவர்களுட் பலர் வந்த இடத்திலேயே குடியேறி, கிறிஸ்துவ சமயத்தைத் தழுவி, உழுதுண்ணும் மக்களாயினர். காடுகள் திருத்தப்பட்டுக் கழனிகளாயின. இறுகிய மண்ணையும் புரட்டவல்ல கனமான கலப்பைகள் பரவின. ஆற்றோரங்களில் நீரால் இயங்கும் மாவு ஆலைகள் பெருகின. விளைவு மிகுந்தது; அதனோடு மக்கட்பெருக்கமும் மிகுந்தது. உண்டு எஞ்சியது உள்ள நாட்டிலேதான் கலை வளரும். அந்த எஞ்சிய செல்வத்தைக் கொண்டு ஊர்தோறும் கோயில்கள் எழலாயின. பழைய கோயில் நன்னிலையில் இருந்த இடங்களிலும் மக்கள் அதனைப் பிரித்துவிட்டு, அதனினும் சிறந்ததொன்றைக் கட்ட விரும்பினார்கள் என்று அக்காலத்தில் வாழ்ந்த ரவுல் கிளாபர் என்னும் துறவி குறித்திருக்கிறார்.

இவ்வெழுச்சிக்குத் துறவியர் மடங்கள் பெருந்துணையாக இருந்தன. பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் 910-ஆம் ஆண்டில் தோன்றிய குளூனி மடம் அவற்றுள் முதன்மையானது. நூற்றுக்கணக்கான கிளை மடங்கள் அதற்கு இருந்தன. ஒரு மடத்தில் கண்ட கட்டட முறை கிளை மடங்களின் வழியே தொலைநாடுகளுக்கும் சென்றது. ஆகவேதான், ஸ்பெயின், பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, இங்கிலாந்து ஆகிய பல நாடுகளிலும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப் போன்று ஒத்த சாயலுடைய கோயில்கள் தோன்றின.

இக்கோயில்களைக் கட்டியவர்கள் தம் கலைக்குத் தனிப்பெயர் எதனையும் இட்டிலர். 1818-ஆம் ஆண்டில் ஷார்ல் தெ ஜெர்வில் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இக்கலையை 'ரோமன்' என்னும் சொல்லாற் குறித்தார். லத்தீன் மொழியினின்று பிரெஞ்சு முதலிய மொழிகள் பிறந்தது போல, பண்டை ரோமர் கலையினின்று இக்கலை பிறந்தது என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டில், வில்லியம் கன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய நூலில் 'ரோமனெஸ்க்' என்னும் சொல் வெளிவந்தது. அதுவே இன்றும் நிலைத்துள்ளது.

கற்கூரை இடும் கலை

அக்காலக் கொத்தர்கள் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்களுள் பெரியது கூரையைப் பற்றியது. மரக்கூரை இலேசானது, இடுவதற்கும் எளியது. ஆனால், மெழுகுவத்திகள் எரியும் கோயிலில் ஒரு பொறி போதும், கூரை முழுதும் பற்றி எரிய. பிரான்சிலுள்ள வெசலே என்னும் ஊரில் 1120-ஆம் ஆண்டில் கோயிலிலே தீப்பற்றியது. அங்கே கூடியிருந்த பயணியர் பலர் மாண்டனர். இத்தகைய இடர் நேராதிருக்க வேண்டுமாயின், கூரையையும் கல்லாலேயே அமைத்தல் வேண்டும். மேலும், கற்கூரையின் கீழ்ப் பாடும் பாட்டு நெடிது நின்று ஒலிக்கும். நாள்தோறும் பலமுறை கூடி இறைவனைப் பாடிய துறவியர்க்கு அவ்வொலி பெரிதும் உவப்பாயிற்று.

ஆனால், கல்லைக் கூரையாக நிறுத்துவது எளிதன்று. கல் பாரத்தைத் தாங்கும்; வளைவதற்கு உடன்படாது. நீண்ட கல் ஒன்றினை இரு சுவர்களின்மேல் வைத்தால், இடைவெளி மிகும்போது அது நடுவிலே முறிந்துவிடும். ஆகவே, ரோமர் கையாண்ட வளைவு முறையை அவர்கள் மீண்டும் மேற்கொண்டார்கள். முதலில் மரத்தால் அரைவட்டச் சாரம் ஒன்றினை அமைப்பர். அதன்மேல் ஒருபுறம் அகன்றும் மறுபுறம் ஒடுங்கியும் ஆப்புப் போலச் செதுக்கிய கற்களை இரு பக்கத்திலிருந்தும் அடுக்கிக்கொண்டு செல்வர். உச்சியில் எஞ்சிய இடைவெளியில் கடைசிக் கல்லைச் செருகியதும், கற்கள் அனைத்தும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். பின்பு சாரத்தை நீக்கினாலும் வளைவு விழாது. விழுவதற்கு முயலும் பாரமே அதனை விழாது காக்கின்றது என்பது வியப்பன்றோ!

எனினும், வளைவு தன் பாரத்தை நேர்கீழே மட்டும் இறக்குவதில்லை, பக்கங்களிலும் தள்ளுகிறது. எழுதுபலகைகள் இரண்டினை ஒன்றோடொன்று சாய்த்துக் கூரைபோல நிறுத்திப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். அவற்றின் அடிப்பகுதி இருமருங்கும் வழுக்கி விலகும். அடியிலே தடுப்பு வைத்தால்தான் அவை நிற்கும். கற்கூரையும் அவ்வாறே சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். அந்தத் தள்ளுதலைத் தாங்கும் பொருட்டே ரோமனெஸ்க் கோயில்களின் சுவர்கள் மிகத் தடித்தனவாக அமைந்தன. பெரிய சாளரங்களைத் திறந்தால் சுவர் வலிமை குன்றும். ஆதலால் சாளரங்கள் சிறியனவாயின. அக்கோயில்களின் உள்ளே நிலவும் மெல்லிருள், அழகு கருதி அமைத்தது மட்டுமன்று. கூரையின் பாரம் விதித்த கட்டாயமும் ஆகும்.

தொடக்கத்தில், பீப்பாய் ஒன்றினை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தாற் போன்ற நீண்ட வளைகூரையையே அவர்கள் இட்டார்கள். அது சுவரை அதன் நீளம் முழுவதும் தள்ளியது. பின்பு, அத்தகைய வளைகூரைகள் இரண்டு ஒன்றையொன்று குறுக்கே வெட்டுமாறு அமைத்தனர். இதனால் பாரம் நான்கு மூலைகளுக்கு மட்டும் சென்றது. மூலைகளிலே வலிய தூண்களை நிறுத்தினாற் போதுமானது. அதன்பின், அம்மூலைகளை இணைக்கும் குறுக்குக் கோடுகளிலே விலா எலும்புகளைப் போன்ற கல் வளைவுகளை முதலில் நிறுத்தி, இடையிலுள்ள வெளிகளை மெல்லிய கற்களால் மூடினார்கள். இவ்வாறு படிப்படியாகக் கூரை இலேசாயிற்று; கட்டடம் உயர்ந்தது.

இவ்வளர்ச்சி இடையூறின்றி நடந்ததன்று. குளூனி மடத்தின் மூன்றாம் கோயிலை, மடத்துத் தலைவர் ஹியூ என்பார் 1088-ஆம் ஆண்டில் தொடங்கினார். அது முற்றுப்பெற்றபோது அதன் நீளம் ஏறத்தாழ 187 மீட்டர். அக்காலத்துக் கிறிஸ்துவக் கோயில்களுள் அதுவே மிகப் பெரியது. அத்தகைய கோயிலின் கூரையிலும் ஒரு பகுதி 1125-ஆம் ஆண்டில் இடிந்து வீழ்ந்தது. கணக்கியல் நூல்களும் அளவைக் கருவிகளும் மிகுதியாக இல்லாத அக்காலத்தில், கொத்தர்க்கு அனுபவமே ஆசான். வீழ்ந்த கூரையும் அவர்க்கு ஒரு பாடமே ஆயிற்று. அதனைச் செப்பனிட்டு, 1130-ஆம் ஆண்டில் கோயிலை அருச்சித்துத் திறந்தார்கள்.

மூன்று பேராலயங்கள்

ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் உள்ளது ஸ்பையர் நகரம். இரண்டாம் கொன்ராடு என்னும் பேரரசன் 1030-ஆம் ஆண்டையொட்டி அங்கே ஒரு பேராலயத்தைத் தொடங்கினான். அவன் பேரனாகிய நான்காம் ஹென்றி காலத்தில் அது பெரிதும் மாற்றிக் கட்டப்பட்டு, நடுமண்டபம் கற்கூரை பெற்றது. அம்மண்டபத்தின் உயரம் ஏறத்தாழ 33 மீட்டர். கோயிலின் கீழே குறுந்தூண்கள் நிறைந்த நிலவறை ஒன்று உண்டு. பேரரசரும் மன்னருமாக எண்மர் அக்கோயிலிலே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். செவ்வண்ணக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி அமைந்த அவ்வளைவுகளைக் காண்போர், அரசர்தம் பெருமிதத்தைக் கல்லிலே காண்பர்.

இங்கிலாந்தின் வடபகுதியில், வளைந்தோடும் ஆற்றின் நடுவே உயர்ந்து நிற்கும் குன்றின்மேல் அமைந்தது டர்ஹாம் பேராலயம். நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், மேற்றிராணியார் வில்லியம் என்பவர் 1093-ஆம் ஆண்டில் அதற்குக் கால்கோளிட்டார். நாற்பது ஆண்டுகளில், 1133-ஆம் ஆண்டில், அதன் பெரும்பகுதி முடிந்தது. அங்குள்ள உருண்டைத் தூண்களின் உயரமும் சுற்றளவும் ஏறத்தாழ ஒன்றே, 6.6 மீட்டர் இருக்கும். அத்தூண்களின்மேல் நெளிகோடுகளும் சாய்சதுரங்களும் ஆழமாகச் செதுக்கப்பட்டுள்ளன. விலா வளைவுகள் தாங்கும் கற்கூரையைப் பெரிய அளவில் முதன்முதலாகக் கண்ட கோயில்களுள் டர்ஹாம் தலையாயது. பின்னாளில் தோன்றிய கோதிக் கலைக்கு அதுவே வழிகாட்டி நின்றது.

இத்தாலியர் வேறொரு வழியிற் சென்றனர். பீசா நகரத்தார் கடல் வாணிகத்தாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். அவர்கள் பதினோராம் நூற்றாண்டின் நடுவில், புஸ்கெத்தோ என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு வெண்சலவைக் கல்லால் ஒரு பேராலயத்தைத் தொடங்கினார்கள். வரிசை வரிசையாக அடுக்கிய சிறு தூண்களும் வளைவுகளும் அதன் முகப்பை அணி செய்கின்றன. அக்கோயிலின் மணிக்கூண்டே உலகறிந்த சாய்ந்த கோபுரமாகும். 1173-ஆம் ஆண்டில் அதன் வேலை தொடங்கியது. அடிநிலம் மென்மையானது, கடைகாலோ ஏறத்தாழ 3 மீட்டர் ஆழமே. மூன்றாம் நிலை எழுந்தபோதே கோபுரம் சாயலாயிற்று. ஏறத்தாழ நூறாண்டு வேலை நின்றது. அந்த இடைக்காலத்தில் மண் இறுகியது. அவ்வாறு இறுகாவிடின் கோபுரம் அன்றே வீழ்ந்திருக்கும் என்பர் பொறியியல் வல்லார். 1372-ஆம் ஆண்டளவில் கோபுரம் முற்றுப்பெற்றது. சாய்வு மேன்மேலும் பெருகவே, 1990-ஆம் ஆண்டில் அதனை மூடினர். சாயாத பக்கத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாக அகற்றி, உச்சியை ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் பின்னுக்குக் கொணர்ந்தனர். 2001-ஆம் ஆண்டில் மீண்டும் திறந்தனர்.

பயணியரும் கோயில்களும்

அந்நாளில் மக்கள் அடியவர்தம் உடலெச்சங்களை வணங்கும் பொருட்டுத் தொலைவிடங்களுக்கு நடந்து சென்றனர். ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்னும் தலம் அவற்றுள் பெரும்புகழ் வாய்ந்தது. யாக்கோபு என்னும் திருத்தூதரின் கல்லறை அங்குள்ளது என்பது மக்களின் நம்பிக்கை. பிரான்சின் பல மூலைகளிலிருந்தும் புறப்பட்ட பயணியர், பிரனீசு மலைகளைக் கடந்து, வாரக்கணக்கில் நடந்து அத்தலத்தை அடைந்தனர். கையிலே கோல், தோளிலே பை, அதன்மேல் ஒரு சிப்பி ஓடு. இவையே அப்பயணியரின் அடையாளம்.

இப்பயணியர் கூட்டம் கோயிலின் அமைப்பையே மாற்றியது. திருநாட்களில் திரண்டு வரும் மக்கள், துறவியர் நடத்தும் வழிபாட்டுக்கு இடையூறு செய்யாமல் உட்சென்று வணங்கி வெளிவர வேண்டும். இதன் பொருட்டுப் பலிபீடத்தைச் சூழ ஒரு சுற்றுப் பாதையும், அப்பாதையிலிருந்து இதழ் விரிந்தாற்போல வெளியே நீளும் சிறு ஆலயங்களும் அமைக்கப்பட்டன. தூலூசு நகரில் செங்கல்லால் எழுந்த சேன்-செர்னேன் கோயிலிலும், 1075-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சந்தியாகோப் பேராலயத்திலும் இவ்வமைப்பைக் காணலாம். பயணியர் சென்ற வழியே கொத்தரும் சிற்பியரும் சென்றனர். அவர்களோடு கலையும் சென்றது.

கல்லிற் செதுக்கிய மறை

ரோமானியர் காலத்துக்குப்பின் பெருஞ்சிற்பம் செதுக்கும் வழக்கம் மேற்கு ஐரோப்பாவிற் பெரிதும் அருகியிருந்தது. ரோமனெஸ்க் காலத்தில் அது மீண்டும் தளிர்த்தது. தூணின் தலைப்பகுதியிலும், வாயிலின்மேல் அமைந்த அரைவட்டக் கற்பரப்பிலும் சிற்பிகள் தம் திறத்தைக் காட்டினார்கள். எழுத்தறியாத மக்களே பெரும்பாலோராக இருந்த அக்காலத்தில், கோயில் வாயிலே அவர்கள் படிக்கும் ஏடாயிற்று. மொவசாக்கு மடத்தின் உள்முற்றத்தைச் சூழ்ந்த தூண்களில் மட்டும் 76 தலைப்பகுதிகள் சிற்பம் தாங்கி நிற்கின்றன. 1100-ஆம் ஆண்டில் அது முடிந்ததென அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது.

பர்கண்டிப் பகுதியிலுள்ள ஓத்தான் நகரப் பேராலயத்தின் வாயிற்சிற்பம் இவ்வகையில் ஈடிணையற்றது. 1130-ஆம் ஆண்டையொட்டிச் செதுக்கப்பட்ட அது, உலக முடிவில் நிகழும் தீர்ப்பு நாளைக் காட்டுகின்றது. நடுவிலே கிறிஸ்து பெருமான் பேருருவாக வீற்றிருக்கிறார். கீழ்வரிசையில் இறந்தோர் தம் கல்லறைகளினின்று எழுகின்றனர். அவருள் இருவர் பயணியர். ஒருவன் பையிலே சிலுவையும், மற்றவன் பையிலே சிப்பியும் பொறிக்கப்பட்டுள்ளன. வேறொருவன் தலையை இரு பெருங்கைகள் இடுக்கிபோலப் பற்றித் தூக்குகின்றன. அவன் முகத்திலே தோன்றும் அச்சம் காண்போர் நெஞ்சையும் நடுக்கும். மேலே உயிர்களை ஒரு தராசிலிட்டு நிறுக்கின்றனர். வானதூதரும் சாத்தானும் ஆளுக்கொரு பக்கம் தராசைப் பற்றி நிற்கின்றனர். உருவங்கள் இயற்கையளவின் மிக நீண்டு மெலிந்துள்ளன. உடலை உள்ளவாறு காட்டுவது அச்சிற்பியின் நோக்கமன்று. உள்ளத்தின் நடுக்கத்தையும் நம்பிக்கையையும் காட்டுவதே அவர் நோக்கம்.

அதே கோயிலின் தூணொன்றில் இனிய காட்சியொன்று உண்டு. குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்கள் ஒரே போர்வையின்கீழ் முடியணிந்தவாறே உறங்குகின்றனர். வானதூதர் ஒருவர் வந்து ஓர் அரசர் கையை ஒற்றை விரலால் மெல்லத் தொடுகின்றார். அவ்வரசர் மட்டும் கண் விழித்திருக்கிறார். அச்சமூட்டும் தீர்ப்பு நாளைச் செதுக்கிய கோயிலிலேயே இத்துணை மென்மையும் இடம்பெற்றது.

வாயிற்சிற்பத்தில், கிறிஸ்துவின் திருவடிக்கீழ், இதனைச் செய்தவர் கிஸ்லெபெர்ட்டஸ் என்னும் பொருள்பட லத்தீன் மொழியில் ஒரு தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. பெயரின்றி மறைந்த எண்ணற்ற தொழிலாளர் நடுவே அப்பெயர் தனித்து விளங்குகின்றது. அது சிற்பியின் பெயரே என்று பலர் கருதுவர். பொருள் உதவிய புரவலரின் பெயராகவும் இருக்கலாம் என்று சிலர் கூறுவர்.

சிற்பமேயன்றி ஓவியமும் அக்காலத்திற் சிறந்தது. இன்று வெறுங்கல்லாய்த் தோன்றும் பல சுவர்கள் அன்று வண்ணம் பூண்டிருந்தன. ஏடுகளில் வரைந்த ஓவியங்களும், பொன்னாலும் வெண்கலத்தாலும் இயன்ற கலங்களும் கோயில்களை அணி செய்தன. நார்மானியர் 1066-ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்ற வரலாற்றை, ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள துணியிலே நூலால் தைத்துக் காட்டும் பாயோத் திரையும் அக்காலத்துப் படைப்பே.

அழகும் அறமும்

கோயில்களுக்கு இத்துணைப் பொருள் செலவிடுவது தகுமா என்னும் வினா அக்காலத்திலேயே எழுந்தது. கிளேர்வோ மடத்தின் தலைவராகிய பெர்னார்டு என்னும் துறவி, 1125-ஆம் ஆண்டையொட்டி எழுதிய நூலொன்றில் குளூனித் துறவியர்தம் ஆடம்பரத்தைக் கடிந்தார். கோயிற் சுவர்கள் பொன்னால் மின்ன, வறியவர் பசியால் வாடுவதை அவர் உள்ளம் பொறுக்கவில்லை. தூண்களிலே செதுக்கிய விந்தை விலங்குகள் துறவியர் மனத்தை இறைநினைவினின்று இழுத்துவிடும் என்றும் அவர் அஞ்சினார். மற்றொரு சாராரோ, இறைவனுக்கு அளிப்பது மிகச் சிறந்ததாக இருத்தல் வேண்டும் என்றும், கண்ணாற் காணும் அழகு கருத்தைக் காணாத பொருளிடம் உயர்த்தும் என்றும் கருதினர்.

பெர்னார்டு தம் கொள்கையைச் சொல்லளவில் நிறுத்தவில்லை. 1118-ஆம் ஆண்டில் அவர் நிறுவிய ஃபொந்தனே மடத்திலே சிற்பமில்லை, பொன்னில்லை, கோபுரமுமில்லை. 1147-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அதன் கோயிலில் கல்லும், ஒளியும், அளவின் பொருத்தமுமே உள்ளன. வியப்பு யாதெனில், அணி வேண்டா என்று கட்டிய அக்கோயிலும் பேரழகு வாய்ந்ததாக விளங்குகின்றது. இரு கொள்கைகளும் மோதிய காலத்தில் இரண்டிலிருந்தும் கலை பிறந்தது.

பின்வந்தோர் கையில்

1144-ஆம் ஆண்டில், பாரிசுக்கு அருகிலுள்ள சேன்-தெனி மடத்துக் கோயிலின் கிழக்குப் பகுதி புதிய முறையில் முடிக்கப்பெற்றது. கூர்முனை வளைவும், மெலிந்த தூணும், வண்ணக் கண்ணாடிச் சாளரமும் கொண்ட அம்முறையே பின்னர்க் கோதிக் கலை எனப்பட்டது. ஒளி நிறைந்த அக்கோயில்களைக் கண்ட மக்கள் பழைய கோயில்களின் மெல்லிருளை விரும்பவில்லை. ரோமனெஸ்க் கலை சிறிது சிறிதாக வழக்கொழிந்தது.

காலத்தினும் கொடியது மாந்தரின் அலட்சியம். 1689-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படைகள் ஸ்பையர் நகரைத் தீக்கிரையாக்கியபோது, பேராலயத்தின் மேற்குப் பகுதி பெரிதும் அழிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அது மீண்டும் கட்டப்பட்டது. குளூனிக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் மடம் மூடப்பட்டது. 1798-ஆம் ஆண்டில் கோயில் விலைக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்கள் அதனை உடைத்துக் கல்லை விற்றார்கள். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளில், கிறிஸ்துவ உலகின் மிகப் பெரிய கோயிலாக விளங்கியது தரைமட்டமாயிற்று. தென்புறத்தின் ஒரு சிறகும் அதன் கோபுரமுமே இன்று பெரும்பாலும் எஞ்சி நிற்கின்றன. கென்னத்து கோனன்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1928-ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் அகழ்ந்து ஆராய்ந்து, மறைந்த கோயிலின் வடிவத்தைத் தாளிலே மீட்டுத் தந்தார்.

ஓத்தான் சிற்பத்தின் கதையோ விந்தையானது. 1766-ஆம் ஆண்டில், அக்கோயிலைச் சார்ந்த குருமார் அச்சிற்பத்தை அழகற்றதென்று கருதி, சுதை பூசி மறைத்துவிட்டார்கள். சுதைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த கிறிஸ்துவின் தலையை உடைத்தும் நீக்கினார்கள். வடவாயிலில் இருந்த ஏவாளின் சிற்பம் பெயர்க்கப்பட்டு, ஒரு வீட்டுச் சுவரில் வெறுங்கல்லாக வைத்துக் கட்டப்பட்டது. அடுத்து வந்த புரட்சிக் காலத்தில் எத்தனையோ கோயில்களின் சிற்பங்கள் உடைக்கப்பட்டன. ஓத்தானில் இருந்த சிற்பமோ சுதையின் பின்னே ஒருவர் கண்ணிலும் படாமல் தப்பியது. இகழ்ந்து பூசிய சுதையே அதற்குக் கவசமாயிற்று! 1837-ஆம் ஆண்டில் சுதை அகற்றப்பட்டது. சிற்பம் மீண்டும் ஒளி கண்டது. 1856-ஆம் ஆண்டில் பழைய வீட்டை இடித்தபோது ஏவாள் சிற்பம் கிடைத்தது. இழந்த தலையும் அந்நகரத்து அருங்காட்சியகத்திலே இருப்பது அறியப்பட்டு, 1948-ஆம் ஆண்டில் உரிய இடத்திற் பொருத்தப்பட்டது.

ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவில், பிரனீசு மலைப் பள்ளத்தாக்கில், தவுல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1123-ஆம் ஆண்டில் அருச்சிக்கப்பெற்ற சன் கிளிமென்ட் கோயிலின் சுவரில் கிறிஸ்து பெருமானின் பேரோவியம் ஒன்று தீட்டப்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்பகுதியின் சுவரோவியங்களைப் பெயர்த்தெடுத்து விற்கும் வணிகர் தோன்றினர். மூர் என்னும் ஊரின் ஓவியம் கடல் கடந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றது. அதனை அறிந்த பார்சலோனா நகரத்தார் விழித்துக்கொண்டனர். ஓவியத்தின்மேல் பசை தடவித் துணி ஒட்டி, வண்ணப் படலத்தை மட்டும் உரித்தெடுக்கும் முறையால், 1919-ஆம் ஆண்டுக்கும் 1923-ஆம் ஆண்டுக்கும் இடையே, எஞ்சிய ஓவியங்களைத் தம் அருங்காட்சியகத்திற் சேர்த்தனர். ஓவியம் தான் பிறந்த சுவரைப் பிரிந்தது. ஆனால் அழியாது பிழைத்தது.

முடிவுரை

ரோமனெஸ்க் கோயில்களைக் கட்டியவருள் பெரும்பாலோர் பெயர் இன்று ஒருவர்க்கும் தெரியாது. கல் சுமந்தவனும், சாரம் கட்டியவனும், உச்சியிலே கடைசிக் கல்லைச் செருகியவனும் வரலாற்றில் இடம்பெறவில்லை. பலர் தாம் தொடங்கியது முடிந்ததைக் காணாமலே மறைந்தனர். தந்தை இட்ட கடைகாலின்மேல் மகன் சுவர் எழுப்பினான். பேரன் கூரை இட்டான். அவர்கள் ஆக்கியதை ஒரு தலைமுறை வியந்தது. ஒரு தலைமுறை இகழ்ந்தது. ஒரு தலைமுறை உடைத்து விற்றது. மற்றொரு தலைமுறை தேடியெடுத்துப் போற்றியது. குளூனியைக் கட்ட நாற்பதாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. அதனை அழிக்க இருபத்தைந்து ஆண்டுகளே போதுமாயின. தம் காலத்துச் சுவைக்கு ஒவ்வாதது என்பது ஒன்றனை அழிப்பதற்குக் காரணமாகாது. இன்று சிறப்பற்றதாகத் தோன்றுவதில் நாளை வருவோர் பேரழகைக் காணலாம். ஆக்குவோர் ஒருவராயின், காப்போர் பலராதல் வேண்டும். ஓத்தான் வாயிலில் மீண்டும் பொருந்திய அத்திருமுகம் இவ்வுண்மையை வருவோர்க்கெல்லாம் உணர்த்தி நிற்கின்றது.

பயிற்சி

1. ரோமனெஸ்க் கோயில்களின் சுவர்கள் தடித்தும் சாளரங்கள் சிறுத்தும் இருப்பதற்குக் காரணம் யாது?

2. கல் வளைவு சாரமின்றி நிற்கும் வகையை விளக்குக.

3. பயணியர் கூட்டம் கோயில் அமைப்பில் விளைத்த மாறுதல் யாது?

4. கோயில் அணிகளைப் பற்றிப் பெர்னார்டு கொண்ட கருத்தையும் அதற்கு மாறான கருத்தையும் எடுத்தெழுதி, உம் கருத்தைக் கூறுக.

5. 'இகழ்ந்து பூசிய சுதையே அதற்குக் கவசமாயிற்று' — இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

6. உம் ஊரில் உள்ள பழைய கட்டடம் ஒன்றனைப் பார்த்து, அதன் தூண், சுவர், கூரை ஆகியவற்றின் அமைப்பைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.